ஓடும் காரை நிறுத்தும் சிறு குழாய்

மோட்டார் வண்டி வாங்க எண்ணுவோர் முதலிற் கேட்பது அது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதையே. எவ்வளவு பெற்றோல் குடிக்கும் என்பது இரண்டாவது கேள்வி. விலை என்ன, நிறம் என்ன, ஆசனம் எப்படி என்பன அவற்றின் பின்னே வரிசையாக வரும். "மிதித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று கேட்பவரை நான் இன்னும் காணவில்லை. நானும் கேட்டதில்லை. கேளாதிருந்ததன் விலையை ஒருநாள் கடுகண்ணாவை மலைச் சரிவிலே கொடுக்க நேர்ந்தது. அன்று கற்ற பாடத்தையும், அதன் பின் என் பழைய காரின் பிறேக்கை மாற்றியமைத்தபோது கண்டறிந்தவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் வீட்டுக் கார் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். என் தந்தையார் அதனை 1963இல் இரண்டாங் கையாக வாங்கினார். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த இவ்வண்டி 1948இல் இலண்டன் கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்டது. 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது வண்டி ஆலையை விட்டு வெளியேறியது. அத்தொகையைக் கடந்த முதல் ஆங்கிலேயக் கார் இதுவே. இங்கிலாந்தில் அதன் உற்பத்தி 1971இல் நின்றுபோயிற்று. யாழ்ப்பாணத்தவருக்கோ அது நின்றுபோகவில்லை. 1990களிற் குடாநாட்டிற் பெற்றோல் அரிதானபோது, சில துளி பெற்றோலாற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட வண்டிகள் இந்த மொறிஸ்களும் ஒஸ்ரின்களுமே. எங்கள் வண்டியும் அவ்வாறு ஓடியது. நோயாளிகளை ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்றது. மணப்பெண்ணைக் கோயிலுக்குக் கொண்டுசென்றது. அதனை வெறும் இரும்பு என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கருதியதில்லை.

மலைச் சரிவில் ஒரு கணம்

2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். கண்டியிற் பெரகரா பார்த்துவிட்டுக் கொழும்பு நோக்கிப் புறப்பட்டோம். வண்டியில் என் தாயார், மனைவி, மகள், தங்கையின் மகன், நான் என ஐவர். பின்னாற் பெட்டிகளும் நிறைந்திருந்தன. கடுகண்ணாவைக் கோபுரத்தைத் தாண்டி இறக்கம் தொடங்கியது. வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான்காவதோ ஐந்தாவதோ வளைவில் பிறேக்கை மிதித்தேன். மிதிகட்டை எவ்விதத் தடையுமின்றித் தரைமட்டும் சென்று படிந்தது. மறுபடியும் மிதித்தேன், மறுபடியும் அவ்வாறே. காலின் கீழ் ஒன்றுமே இல்லை.

அக்கணத்தின் அச்சத்தை விவரிக்க நான் முயலப்போவதில்லை. கியரை இரண்டாவதற்கு இறக்கி, கைப்பிறேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, வண்டியின் முன்சக்கரம் தெருவோர மண்மேட்டில் உரசும்படி திருப்பினேன். வண்டி நின்றது. கைப்பிறேக்குக்கு எண்ணெய் வேண்டியதில்லை. அது கம்பியினாற் பின்சக்கரங்களை நேரே இழுப்பது. அந்தக் கம்பியே அன்று எங்கள் ஐவரையும் காத்தது.

இறங்கிக் குனிந்து பார்த்தபோது பின்பக்கத் தரையிலிருந்து பிறேக் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. என் தாயார் தெருவோரக் கல்லொன்றில் அமர்ந்திருந்தார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்த வண்டியின் முன்னாசனத்தில் அமர்ந்து வந்தவர் அவர். "தம்பி, இனி நான் இந்தக் காரில ஏறமாட்டன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை; அமைதியாகவே சொன்னார். அதுதான் என்னை அதிகம் சுட்டது. ஊருக்கு அவரைப் புகைவண்டியிலும் பஸ்ஸிலுமாக அழைத்து வந்தோம். காரோ லொறியொன்றின் முதுகில் வந்து சேர்ந்தது.

குற்றம் எங்கே?

காரைப் பரிசோதித்தவர் போக்குவரத்துச் சபையின் வேலைத்தளமொன்றிற் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்ற ஒரு மெக்கானிக். எழுபது வயதைக் கடந்தவர். வீட்டு முற்றத்து வேப்பமரத்தின் கீழ் ஒன்றிரண்டு பழைய வண்டிகளைத் தம் மனநிறைவுக்காகப் பழுதுபார்ப்பவர். அவர் வண்டியின் அடியிற் படுத்துப் பார்த்துவிட்டு, விரல்நுனி அளவான ஒரு குழாய்த் துண்டை என் கையில் வைத்தார். அதன் ஒருபக்கம் தேய்ந்து தட்டையாகி, நடுவில் ஊசித்துளை போன்ற ஓர் ஓட்டை தெரிந்தது.

அக்குழாய் பழையதன்று. ஓராண்டுக்கு முன்னரே வேறொரு கராச்சிற் புதிதாக மாற்றப்பட்டது. குழாயிலும் குறையில்லை. குறை அது சென்ற வழியிலே இருந்தது. இருந்த இடத்தில் அதனைப் பொருத்தாமல், எளிதாகக் கைக்கெட்டிய இடத்தால் இழுத்து, இரண்டே கிளிப்புகளில் தொங்கவிட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்துச் சமதரையில் இருவர் மூவர் செல்லும்போது குழாய்க்கும் பின் அச்சுக்கும் இடையே போதிய இடைவெளி இருந்தது. ஐவரும் பெட்டிகளும் ஏறியபோது ஸ்பிறிங் தாழ்ந்தது, அச்சு மேலெழுந்தது, பள்ளத்துக்குப் பள்ளம் குழாயை இடித்தது. வவுனியாவையும் தம்புள்ளையையும் கடந்து கண்டி வரை இடித்து இடித்துத் தேய்த்து, மிகுந்த அழுத்தம் வேண்டிய மலைச் சரிவில் அது வழிவிட்டது.

"தம்பி, ஓடுறதுக்கு எஞ்சின் போதும், நிக்கிறதுக்கு மூளை வேணும்" என்றார் முதியவர். அவரிடமே வண்டியை ஒப்படைத்தேன். வெறுமனே ஓட்டையை அடைப்பதில்லை என்றும், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிறேக் பொருத்திக் குழாய்கள் அனைத்தையும் புதிதாக இடுவதென்றும் தீர்மானித்தோம்.

காலின் பலம் செல்லும் பாதை

பிறேக் குழாயின் அருமையை அறிய வேண்டுமாயின் அது செய்யும் தொழிலை அறிதல் வேண்டும். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கப்படும் அழுத்தம் குறைவின்றி எல்லாப் பக்கமும் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிய அறிஞர் பஸ்கால் கண்ட உண்மை. மிதிகட்டையை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஆடுதண்டு எண்ணெயைத் தள்ளுகிறது. அவ்வழுத்தம் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் ஒரே கணத்திற் சென்று சேர்கிறது.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். கால் 50 இறாத்தல் பலத்துடன் மிதிக்கிறது. மிதிகட்டையின் நெம்புகோல் அதனை ஐந்து மடங்காக்கி 250 இறாத்தலாக மாஸ்டர் சிலிண்டருக்குக் கொடுக்கிறது. அங்குள்ள ஆடுதண்டின் பரப்பு அரைச் சதுர அங்குலமாயின், எண்ணெயின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 500 இறாத்தல். அவசரத்தில் உதைத்து மிதித்தால் 1,000 இறாத்தலையும் எட்டக்கூடும். ஒரு சைக்கிள் ரயரின் காற்றழுத்தத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. இத்துணை அழுத்தத்தைத் தாங்குவது வெளிவிட்டம் ஓர் அங்குலத்தின் பதினாறில் மூன்று பங்கேயான குழாய். எழுதும் பென்சிலிலும் மெல்லியது.

இம்முறையைக் கார்களுக்குப் புகுத்தியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான மல்கம் லொக்ஹீட். 1921இல் வெளிவந்த டியூசன்பேர்க் கார் நான்கு சக்கரங்களிலும் எண்ணெய்ப் பிறேக் கொண்டிருந்தது. 1924இல் கிறைஸ்லர் கார் அதனைப் பலருக்கும் உரியதாக்கிற்று. மொறிஸ் மைனரிலோ அந்த லொக்ஹீட் பெயர் தாங்கிய பிறேக்கே இருக்கிறது.

எங்கள் வண்டி போன்ற பழைய கார்களில் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று. எண்ணெய்ச் சுற்றும் ஒன்றே. ஓரிடத்தில் ஊசித்துளை விழுந்தால் நான்கு சக்கரங்களும் ஒருங்கே கைவிடும். பிற்காலத்துக் கார்களிற் சுற்று இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒன்று போனாலும் மற்றது பாதி வண்டியையாவது பிடித்து நிறுத்தும். அமெரிக்காவில் 1968 முதல் இது சட்டமாயிற்று. ஒற்றைச் சுற்றையே வைத்திருப்பவர், குழாயைப் பற்றி இரட்டைக் கவலை கொள்ளல் வேண்டும்.

டிறமும் டிஸ்க்கும்

1959ஆம் ஆண்டு மைனரின் முன்சக்கரங்களில் இருப்பது ஏழு அங்குல டிறம். அதனுள்ளே இரண்டு ஷூக்கள் விரிந்து டிறத்தின் உட்புறத்தை உரசும். எஞ்சின் 1962இற் பெரிதாக்கப்பட்டபோது முன் டிறமும் எட்டு அங்குலமாக்கப்பட்டது. அக்காலத்துத் தெருவுக்கும் வேகத்துக்கும் அவை போதியனவாயிருந்தன. இன்றோ முன்னாற் செல்லும் புதிய வான் நினைத்த இடத்தில் நிற்கிறது. பின்னால் வரும் நம்மால் அவ்வாறு நிற்க முடிவதில்லை. நெடிய இறக்கத்தில் டிறம் உள்ளே வெப்பத்தை அடைத்துவைத்துப் பிடியை இழக்கிறது.

டிஸ்க் பிறேக் என்பது சக்கரத்தோடு சுழலும் தட்டமொன்றை இருபுறமும் பாட் எனப்படும் கட்டைகள் கவ்வுவது. தட்டம் காற்றிலே திறந்திருப்பதால் வெப்பம் விரைவில் அகலும். தண்ணீர் பட்டாலும் விரைவிற் காயும். 1953இல் லெமான்ஸ் பந்தயத்தில் ஜகுவார் கார் இவ்வகைப் பிறேக்குடன் வென்றபோது உலகம் அதன் அருமையை உணர்ந்தது. 1955இல் பிரான்சின் சித்ரோவன் டி.எஸ். கார் அதனை முன்சக்கரங்களிற் கொண்டு விற்பனைக்கு வந்தது.

ஆயினும் டிறத்தைக் கழற்றி டிஸ்க்கை மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. மூன்று விடயங்களைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, டிறத்தின் ஷூக்கள் சுழற்சியினாலேயே மேலும் இறுகும் இயல்புடையன. பாட்டுகளுக்கு அவ்வியல்பு இல்லை. ஆதலின் காலின் பலம் கூடுதலாக வேண்டும். எஞ்சினின் வெற்றிடத்தாற் காலுக்குத் துணை செய்யும் சேர்வோ என்னும் கருவியை இதற்காகவே இணைத்தோம். இரண்டாவது, பழைய மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சிறு வால்வு உண்டு. டிறத்தின் சிலிண்டர்களிற் காற்று நுழையாதிருக்க அது குழாயில் எப்பொழுதும் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும். டிஸ்க்குக்கு அத்தேக்கம் ஆகாது. காலை எடுத்த பின்னும் பாட்டுகள் தட்டத்தை உரசிக்கொண்டே இருக்கும். ஆகவே அதனை ஏற்றவாறு மாற்றவேண்டும். மூன்றாவது, முன்சக்கரமும் பின்சக்கரமும் தம்முட் சமநிலை கொண்டிருத்தல் வேண்டும். பின்சக்கரம் முந்திப் பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரமாகச் சுழலும். இக்காரணத்தாற் பின் டிறங்களைப் பழையபடியே விட்டோம்.

குழாய் எதனால் ஆனதாயிருக்க வேண்டும்?

ஆலையிலிருந்து வந்த குழாய் உருக்கினாலானது. உருக்கு பலமுடையது, ஆனாற் கடற்காற்று வீசும் ஊர்களில் உப்பு அதனை உள்ளே அரித்துவிடும். மேலே பூச்சு நன்றாயிருக்க, கிளிப்பின் அடியில் துரு தின்றுகொண்டிருப்பதைக் கண்ணாற் காண்பதரிது. தனிச் செம்பு எளிதில் வளையும், துருவேறாது. எனினும் ஓயாத அதிர்வினால் நாளடைவில் இறுகி வெடிப்புறும். நாங்கள் தேர்ந்தது செம்பு தொண்ணூறு பங்கும் நிக்கல் ஏறக்குறையப் பத்துப் பங்கும் கலந்த உலோகக் குழாய். கப்பல்களிற் கடல்நீர் செல்லும் குழாய்களுக்குப் பயன்படும் அதே இனம். சுவீடனின் வொல்வோ நிறுவனம் 1976 முதலே தன் கார்களுக்கு இதனைப் பயன்படுத்தி வந்துள்ளது. விலை சிறிது கூடுதல். கைக்கு வளைந்து கொடுப்பதாலும் பல்லாண்டு உழைப்பதாலும் அவ்விலை வீணன்று.

வழி வகுத்தலே வேலை

பழைய குழாயைக் கழற்ற நான் அவசரப்பட்டேன். முதியவர் தடுத்தார். முதலில் அதன் போக்கைப் படம்பிடிக்கச் செய்தார். கிளிப் இருந்த இடமெல்லாம் சுண்ணக்கட்டியாற் குறியிடச் செய்தார். பின்னர் குழாயை வளைவு குலையாமல் முழுதாகக் கழற்றி முற்றத்துப் பாயிற் பரப்பினார். "இதுதான் அச்சு. இதைப் பார்த்து மற்றதை வளைக்கவேணும்" என்றார். தைத்த சட்டையை அளவாக வைத்துப் புதுச்சட்டை வெட்டும் தையற்காரரை அது நினைவூட்டியது.

மைனரில் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரையின் கீழே, அடிச்சட்டத்தினுள் ஒளிந்திருக்கிறது. அங்கிருந்து செல்லும் குழாய் முன்னிரு சக்கரங்களுக்கும் பின்பக்கத்துக்குமாகக் கிளைக்கிறது. முன்னே இரண்டு, பின் அச்சுக்கு ஒன்று என மூன்று இடங்களில் மட்டும் வளையக்கூடிய றப்பர்க் குழாய்கள் உண்டு. அசையும் உறுப்புக்கும் அசையாத உடலுக்கும் நடுவிலான பாலங்கள் அவை. பின் அச்சில் ஒரு முச்சந்தி. அங்கிருந்து இருபுறமும் உலோகக் குழாய்கள் பிரிகின்றன. புதிதாக வந்த சேர்வோவுக்காக எஞ்சின் அறைக்குப் போய்வரும் இரு குழாய்கள் கூடின. அவற்றுக்கு ஆலையார் வகுத்த வழி இல்லை. நாமே வகுக்க வேண்டும். அப்பொழுது முதியவர் கூறிய விதிகளை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

சைலன்சர்க் குழாயின் அருகே பிறேக் குழாய் செல்லலாகாது. வெப்பம் எண்ணெயைக் கொதிக்கச் செய்யும். கொதித்த எண்ணெய் ஆவியாகும். ஆவி நசுங்குமே ஒழியத் தள்ளாது. அப்பொழுது மிதிகட்டை தரைக்குப் போகும்.

கல் தெறிக்கும் இடத்திலும், ஜாக்கி வைக்கும் இடத்திலும், வண்டி மேட்டில் தட்டும் தாழ்ந்த விளிம்பிலும் குழாய் இருத்தலாகாது. சட்டத்தின் உட்பக்கத்தை அணைத்து மேலாகச் செல்வதே பாதுகாப்பு.

அசைவனவற்றை அசைத்துப் பார்த்தே இடைவெளியை முடிவு செய்தல் வேண்டும். நிற்கும் வண்டியில் இருக்கும் இடைவெளி ஓடும் வண்டியில் இருப்பதில்லை. எங்கள் விபத்தின் முழுக் காரணமும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

குழாய் தொங்கலாகாது. ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒரு கிளிப் வேண்டும். கிளிப்பின் கூர்விளிம்பு குழாயை வெட்டாதவாறு உள்ளே றப்பர் இருத்தல் நன்று. தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்தில் றப்பர் வளையம் இன்றியமையாதது.

நடுவழியில் மேடு போல் எழுந்து இறங்கும் வளைவு வேண்டாம். காற்று அங்கே குடியேறிவிடும். எவ்வளவு முயன்றாலும் எளிதில் வெளியேறாது.

வளைவுகள் அகலமாயிருத்தல் வேண்டும். உருண்டையான ஒன்றின்மேல் வைத்து மெல்ல வளைத்தால் குழாய் நசுங்காது. ஒருமுறை நசுங்கி மடிந்த குழாயை நிமிர்த்தி மறுபடி இடுவது தவறு, அது குப்பைக்குரியது.

றப்பர்க் குழாய்க்கு வேறொரு சோதனை உண்டு. சுக்கானை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பியும், சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தியும் தொங்கவிட்டும் பார்க்க வேண்டும். எந்நிலையிலும் அது இழுபடலாகாது, முறுகலாகாது, ரயரைத் தொடலாகாது. உலோகக் குழாயின் நட்டை முடுக்கும்போது றப்பர்க் குழாயின் தலையை மற்றொரு ஸ்பனரால் அசையாது பிடித்தல் அவசியம். இல்லையேல் அதுவும் கூடச் சுழன்று உள்ளுக்குள் முறுகிக்கொள்ளும். வெளியே பார்க்க அழகாயிருக்கும். உள்ளே நார் அறுந்துகொண்டிருக்கும்.

முன் வலச்சக்கரத்தின் புதிய றப்பர்க் குழாய் நேரே நிற்கையில் மிகச் செவ்வையாயிருந்தது. சுக்கானை முழுவதும் திருப்பியபோதோ ரயரின் ஓரத்தைத் தொட்டது. பொருத்துத் தகட்டை முக்கால் அங்குலம் தள்ளி அமைத்த பின்னரே முதியவர் அடுத்த வேலைக்குச் சென்றார். அந்த முக்கால் அங்குலத்துக்காக ஒரு பின்னேரம் முழுவதும் கழிந்தது. நான் ஒன்றும் முணுமுணுக்கவில்லை.

வெட்டலும் விரித்தலும்

குழாயை அரத்தாளால் அறுத்தால் தூள் உள்ளே விழும், முனையும் கோணும். குழாய் வெட்டும் சிறு சில்லைச் சுற்றிச் சுற்றி முடுக்கியே வெட்ட வேண்டும். பின்னர் உள்விளிம்பின் பிசிறை நீக்கி, காற்றை ஊதித் துப்புரவாக்குதல் வேண்டும். அடுத்துச் செய்வது முனையை விரித்தல். குழாயை அதற்குரிய பூட்டிற் பிடித்து, அச்சால் அழுத்தி, முனையைப் பூவிதழ்போல் விரிப்பார்கள். சில பொருத்துகளுக்குக் காளான் தலை போன்ற ஒற்றை விரிப்பு. வேறு சிலவற்றுக்கு உள்ளே மடித்த இரட்டை விரிப்பு. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. பொருந்துவது போல் தோன்றிக் கசியும்.

விரிப்பதற்கு முன் நட்டைக் குழாயிற் கோத்துக்கொள்ள வேண்டும். அழகாக விரித்து முடித்த பின், நட்டு மேசைமேல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த கதையை நான் மறைக்கப்போவதில்லை. விரித்த முனையை வெட்டியெறிந்து மறுபடி தொடங்கினேன். "எல்லாரும் ஒருக்கா அதைச் செய்வினம்" என்று முதியவர் சிரித்தார்.

மரை பற்றிய எச்சரிக்கை இதனிலும் முக்கியமானது. பழைய மைனரின் நட்டுகள் எட்டில் மூன்று அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 மரையும் கொண்டவை. பிற்காலத்துக் கலிப்பர்களில் 10 மில்லிமீற்றர் மரை இருப்பதுண்டு. எட்டில் மூன்று அங்குலம் என்பது ஒன்பதரை மில்லிமீற்றர். ஆகவே பழைய நட்டு புதிய துவாரத்தில் எளிதில் நுழையும். சில சுற்று பிடித்துக்கொண்டது போலவும் இருக்கும். அழுத்தம் ஏறியதும் மரையை உரித்துக்கொண்டு வெளியே பாயும். கையால் முடுக்கும்போதே தளர்வோ தடையோ தெரிந்தால் நிறுத்தி அளந்து பார்க்கவேண்டும். தண்ணீர்க் குழாய்க்கு இடும் வளையப் பொருத்தும், ஈயப் பற்றும், மரையிற் சுற்றும் நாடாவும் பிறேக் குழாய்க்கு ஒருபோதும் ஆகா.

எண்ணெயும் காற்றும்

பிறேக்குக்கு இடுவதை நாம் எண்ணெய் என்றே வழங்கினாலும் அது எண்ணெயன்று. கிளைக்கோல் வகைத் திரவம். எஞ்சின் ஒயில் சிறிதளவு கலந்தாலும் றப்பர் வாசர்கள் ஊதிக் கெட்டுவிடும். டொட் 3 எனக் குறிக்கப்பட்ட திரவம் புதிதாயிருக்கும்போது சதம அளவையில் 205 பாகைக்குக் குறையாமலே கொதிக்கும். டொட் 4 குறைந்தது 230 பாகையிற் கொதிக்கும். இத்திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. நூற்றுக்கு மூன்றரைப் பங்கு அளவில் நீர் சேர்ந்துவிட்டால் இவற்றின் எல்லை 140, 155 பாகைகளாகக் குறைந்துவிடும். நம் நாட்டு ஈரக்காற்றில் இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுதல் நன்று. திறந்து பலநாள் வைத்த போத்தலைப் பாவிக்கலாகாது. சிலிக்கன் வகையான டொட் 5 இவற்றோடு கலவாது. கார்ப் பூச்சின்மேல் திரவம் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுக. அது வர்ணத்தைத் தின்றுவிடும்.

எல்லாம் பூட்டிய பின் குழாய்களில் நிறைந்திருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு இருவர் தேவை. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின் இடச்சக்கரத்திலிருந்து தொடங்கினோம். அங்குள்ள சிறு திருகில் மெல்லிய குழாயை மாட்டி, மறுமுனையைத் திரவம் உள்ள கண்ணாடிப் போத்தலில் அமிழ்த்தினார் முதியவர். மிதிகட்டையில் என் மகள் அமர்ந்தாள். "மிதி, பிள்ளை" என்றதும் அவள் மிதித்துப் பிடிப்பாள், அவர் திருகைத் திறப்பார், குமிழிகள் வெளிவரும். திருகை மூடிய பின்னரே "விடு" என்பார். திருகு திறந்திருக்கக் காலை எடுத்தால் வெளியேறிய காற்று திரும்பவும் உள்ளே புகும். நான் திரவம் குறையாமல் ஊற்றும் பணியில் இருந்தேன். நான்கு சக்கரங்களும் முடியச் சாய்ந்தரமாயிற்று. கடைசியில் மகள், "அப்பா, இப்ப கல்லுப்போல நிக்குது" என்றாள்.

இறுதிச் சோதனை எளியது. ஆயினும் பலர் விட்டுவிடுவது. மிதிகட்டையை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்க வேண்டும். அது மெல்ல மெல்லத் தாழ்ந்தால் எங்கோ கசிவு உண்டு. அவ்வேளையில் இன்னொருவர் ஒவ்வொரு பொருத்தையும் உலர்ந்த கடதாசியாற் துடைத்துப் பார்க்க வேண்டும். அதன் பின்னரும் முதல் ஓட்டம் ஆளில்லாத் தெருவிலேயே இருத்தல் வேண்டும். நூறு மைல் ஓடிய பின் மறுபடி அடியில் நுழைந்து எல்லாவற்றையும் பார்த்தல் வேண்டும். பழக்கமில்லாதவர் இவ்வேலையைத் தனியே தொடங்காமல், அறிந்தவர் ஒருவரை அருகே வைத்துக்கொள்வதே முறை.

மீண்டும் முன்னாசனம்

வேலை முடிந்து மூன்று மாதங்கள் வரை என் தாயாரை வண்டியில் ஏறும்படி நான் அழைக்கவில்லை. ஒருவருக்கு நம்பிக்கை போன இடத்தில் வார்த்தையால் அதனைத் திரும்ப வைக்க முடியாது. எண்ணெய் மாற்றிய நாளைச் சிறு கொப்பியில் எழுதி வைத்தேன். மாதமொருமுறை வண்டியின் அடியிற் படுத்துக் குழாய்களைப் பார்த்தேன். அவர் விறாந்தையில் இருந்து அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

ஒருநாட் காலை, கீரிமலைக்குப் போகவேண்டும் என்றார். ஓட்டோ பிடிக்கட்டுமா என்று கேட்டேன். "ஏன், கார் நிக்குதுதானே?" என்றார். நிற்குது என்ற சொல்லை அவர் எப்பொருளிற் சொன்னாரோ அறியேன். எனக்கு அது இரு பொருளும் பட்டது.

முன்னாசனத்திற் பழையபடி அமர்ந்து, சேலைத்தலைப்பைச் சரிசெய்துகொண்டார். வழியில் ஆட்டுக்கூட்டமொன்று தெருவைக் கடந்தது. மெல்ல மிதித்தேன். வண்டி அசையாமல் அமைதியாக நின்றது. ஆடுகள் கடந்து போயின. தாயார் ஒன்றும் கூறவில்லை. டாஷ்போட்டைப் பற்றியிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் வீட்டிலும் பழைய வண்டி ஒன்று இருக்கலாம். அடுத்த முறை அதனைக் கழுவும்போது மேலே மினுக்குவதோடு அமையாது ஒருமுறை அடியிலும் குனிந்து பாருங்கள். அங்கே செல்லும் மெல்லிய குழாய் எதிலாவது உரசுகிறதா, எங்காவது தொங்குகிறதா, ஈரமாயிருக்கிறதா என்று நோக்குங்கள். உங்கள் வீட்டார் அனைவரும் அந்தக் குழாயை நம்பியே வண்டியில் ஏறுகிறார்கள்.